காற்றில் போகும் ஓலை: கைபேசிச் செய்தியின் காவல், வட்டவடையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

"பகலிலே பக்கம் பார்த்துப் பேசு, இரவிலே அதுவும் பேசாதே" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். திண்ணையில் பேசுவது தெருவுக்குப் போகும், தெருவில் பேசுவது ஊருக்குப் போகும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி ஒரு சிறு வானொலி நிலையம். நாம் பேசும் ஒவ்வொரு சொல்லையும், அனுப்பும் ஒவ்வொரு படத்தையும் அது காற்றில்தான் வீசுகிறது. காற்றுக்குப் பக்கமும் இல்லை, பகலிரவும் இல்லை. அப்படியிருக்க, இரண்டு கைபேசிகளுக்கு இடையே போகும் செய்தி மூன்றாம் ஆள் கண்ணில் படாமல் காக்கப்படுவது எப்படி? அந்தக் காவல் யார் கையில் இருந்தது, இன்று யார் கைக்கு வந்திருக்கிறது? இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதைச் சொல்ல நான் பிறந்த ஊரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாகப் பாம்பாடும் சோலையைக் கடந்து சுமார் 45 கிலோமீட்டர் போனால் வட்டவடை வரும். கேரளத்தின் இடுக்கி மாவட்டம், தேவிகுளம் வட்டம். கோவிலூர், கொட்டக்கம்பூர், பழத்தோட்டம், சிலந்தியாறு என்று மலைச் சரிவில் ஊர்கள். தட்டுத் தட்டாக வெட்டிய நிலத்தில் பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் விளையும். பூண்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வீட்டு மொழி தமிழ். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. ஆகவே எங்களில் பலர் இருந்த இடத்தைவிட்டு நகராமலே வெளிமாநிலத் தமிழரானோம்!

எல்லை ஊர் என்பதால் ஒரு வேடிக்கை உண்டு. கோவிலூர்க் கடைவீதியில் நின்றால் கைபேசி கேரளக் கோபுரத்தைப் பிடிக்கும். மலை முகட்டுக்கு ஏறினால் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, "தமிழ்நாடு வட்டத்துக்கு நல்வரவு" என்று குறுஞ்செய்தி காட்டும். எந்தக் கோபுரம் ஓங்கிக் கூவுகிறதோ அதன் பின்னால் கைபேசி போய்விடுகிறது. ஊர்க்காரர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தொலைத்தொடர்புத் துறையிலே வேலை பார்த்த எனக்கு அதற்குள்ளே ஒரு கேள்வி தெரிந்தது. கூவுகிற கோபுரம் உண்மையான கோபுரம்தானா என்று கைபேசி கேட்டுப் பார்க்கிறதா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

எங்கள் ஊருக்கு இது வெறும் அறிவியல் விளையாட்டு அல்ல. 2006-இல் வட்டவடை, கொட்டக்கம்பூர் கிராமங்களின் சில பிளாக்குகளைச் சேர்த்துக் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் யார் பட்டயம் செல்லும், யாருடையது செல்லாது என்ற விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அப்படிப்பட்ட ஊரில் பட்டயமும், தண்டப்பேர் எண்ணும், கரம் கட்டிய ரசீதும் ஒரு குடும்பத்தின் உயிர்நாடி. இன்று அவையெல்லாம் படங்களாகக் கைபேசியிலே பறக்கின்றன. என் சித்தப்பா ஒருமுறை சொன்னார்: "பட்டயத்தைப் படம் புடிச்சு நம்ம சொந்தக்காரங்க குரூப்புல போட்டுட்டேன் தம்பி. யாரு பார்க்கப் போறா?" யார் பார்க்க முடியும், யார் பார்க்க முடியாது என்பதற்கு விடை ஒரே சொல்லில் வராது. அதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

முத்திரை வேறு, மறைப்பு வேறு

செய்தியைக் காப்பதில் இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. ஒன்று, இதை அனுப்பியவர் இன்னார்தான் என்று உறுதி செய்வது. மற்றொன்று, உள்ளே இருப்பதைப் பிறர் படிக்காமல் மறைப்பது. நம் முன்னோர் இரண்டையும் அறிந்திருந்தார்கள். சோழர் கல்வெட்டுகளில் திருமந்திர ஓலை, திருமந்திர ஓலை நாயகம் என்ற அலுவலர்களைக் காண்கிறோம். அரசன் வாய்மொழியை எழுத்தாக்குவதும் சரிபார்ப்பதும் தனித்தனிப் பொறுப்பாக இருந்தன. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள். அவற்றைக் கோத்த வளையத்திலே சோழ முத்திரை. செப்பேட்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் முத்திரையைப் போலியாகச் செய்வது கடினம். அதாவது அங்கே மறைப்பு தேவையில்லை, அடையாளம்தான் தேவை.

மறைப்புக்கும் குறைவில்லை. அர்த்தசாஸ்திரம் ஒற்றர்கள் குறியீட்டு எழுத்தில் செய்தி அனுப்புவதைச் சொல்கிறது. திருக்குறளில் தூதுக்கு ஓர் அதிகாரமும் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே இருப்பதை நாம் அறிவோம். செய்தி போகும் வழியில் எல்லாம் நம்பத்தக்க ஆள் வேண்டும் என்பதே அந்தக் காலத்து நடைமுறை. ஓலை கொண்டு போகிறவன் கெட்டால் ஓலையும் கெட்டது. அஞ்சல் வந்தபோதும், தந்தி வந்தபோதும் இந்த நிலை மாறவில்லை. காவல் முழுதும் இடையாள் கையிலேயே இருந்தது.

கம்பி போனது, காவலும் போனது

1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீஷ் சந்திர போஸ், கம்பி எதுவும் இல்லாமல், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளால் தூரத்தில் மணி அடித்தும் வெடிமருந்தைப் பற்ற வைத்தும் காட்டினார். சுவரைத் தாண்டும் அலை என்பது பெரிய அற்புதம். ஆனால் சுவரைத் தாண்டும் அலைக்குச் சுவர் காவலாக இருக்க முடியாதே!

அதை உலகுக்குக் காட்டிக் கொடுத்தவர் ஒரு மந்திரவாதி. மாயவித்தைக்காரர் என்ற பொருளில் சொல்கிறேன். 1903 ஜூன் மாதம் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தியைப் பேராசிரியர் பிளெமிங் செய்து காட்டவிருந்தார். கார்ன்வால் மாவட்டத்தின் போல்டுவிலிருந்து மார்க்கோனி செய்தி அனுப்ப வேண்டும். அதற்கு முன்பே கருவி தானாகத் தட்டத் தொடங்கியது. வந்தது கேலிச் சொற்களும் மார்க்கோனியைப் பழிக்கும் பாட்டும். நெவில் மாஸ்கெலின் என்ற வித்தைக்காரர் பக்கத்திலேயே ஓர் அலைபரப்பியை வைத்துச் செய்த வேலை அது. கம்பியில்லாத் தந்தி பாதுகாப்பானது என்ற பேச்சு ஒரே நாளில் உடைந்தது. மாஸ்கெலின் மறைப்பை மட்டும் உடைக்கவில்லை, அடையாளத்தையும் உடைத்தார். கேட்பவருக்கு, வருவது மார்க்கோனி குரலா வேறு எவர் குரலா என்று தெரியவில்லை.

அடுத்த பாடத்தை நம் கடலோரத்திலேயே ஒரு கப்பல் நடத்தியது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசிக் கொளுத்திய ஜெர்மன் கப்பல் எம்டன். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் நாம் சொல்கிறோம். அதன் தலைவர் கார்ல் பான் முல்லர் தம் கப்பலின் கம்பியில்லாக் கருவியைப் பெரும்பாலும் வாய்திறக்க விடவில்லை, காதை மட்டும் தீட்டி வைத்திருந்தார். தேடி வந்த ஆங்கிலக் கப்பல்களின் செய்தி சங்கேதத்தில் இருந்தாலும், ஒலியின் பலத்தைக் கொண்டே அவை எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று கணித்து விலகிப் போனார்கள். செய்தியின் பொருள் தெரியாமலே, அது வந்ததை வைத்தே எதிரியின் இடத்தை ஊகித்தார்கள். இது மிக முக்கியமான பாடம். உள்ளடக்கத்தைப் பூட்டிவிட்டால் மட்டும் போதாது. யார், எப்போது, எங்கிருந்து பேசினார் என்பதும் ஒரு செய்திதான்.

அந்த எம்டனும் கடைசியில் கம்பியில்லாத் தந்தியாலேயே வீழ்ந்தது. 1914 நவம்பர் 9 அன்று கொகோஸ் தீவின் செய்தி நிலையத்தை அழிக்கப் போனபோது, நிலையத்தார் அந்நியக் கப்பல் வந்திருப்பதாக முன்கூட்டியே காற்றில் அபயக்குரல் விட்டுவிட்டார்கள். எம்டன் அதை அலையால் அமுக்கப் பார்த்தும் முடியவில்லை. குரலைக் கேட்டு ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து எம்டனை முடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பால்டிக் கடலில் தரைதட்டிய மாக்டெபர்க் என்ற ஜெர்மன் கப்பலிலிருந்து சங்கேதப் புத்தகம் ரஷ்யர் கையில் சிக்கி ஆங்கிலேயருக்குப் போய்ச் சேர்ந்தது. பூட்டு நன்றாகத்தான் இருந்தது, சாவிதான் பறிபோனது.

கைபேசி வந்த கதை

ஜி.எஸ்.எம். என்ற கைபேசி முறை 1980-களில் ஐரோப்பாவில் உருவாகி, 1991-இல் பின்லாந்தில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று, அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அதுவே நாட்டின் முதல் கைபேசி அழைப்பு. கேரளத்தில் 1996 செப்டம்பரில் கொச்சியில் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை பேசித் தொடங்கி வைத்தார். எங்கள் மலைக்குக் கோபுரம் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின என்பது வேறு கதை.

இந்த முறையில் காவல் எப்படி? சிம் அட்டைக்குள் 128 பிட் நீளமுள்ள இரகசிய எண் ஒன்று பதிந்திருக்கும். அதே எண்ணின் நகல் சேவை நிறுவனத்திடமும் இருக்கும். கைபேசி கோபுரத்தை அணுகியதும், கோபுரம் வாய்க்கு வந்த ஓர் எண்ணை வீசும். சிம் அதைத் தன் இரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்குப் போட்டு விடை சொல்லும். விடை சரியானால் "நம்ம ஆள்தான்" என்று உள்ளே விடும். இரகசிய எண் ஒருபோதும் காற்றில் போகாது. பிறகு அதே கணக்கிலிருந்து பிறக்கும் இன்னொரு சாவியால் பேச்சு முழுதும் மறையாக்கம் செய்யப்படும். என்க்ரிப்ஷன் என்று நாம் சொல்வது இதைத்தான்.

கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் மூன்று ஓட்டைகள்.

முதலாவது, நான் நினைவில் வைக்கச் சொன்ன கேள்வி. கைபேசி தன்னை நிரூபிக்க வேண்டும். கோபுரம் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. எவனாவது ஒரு போலிக் கோபுரத்தைப் பெட்டிக்குள் வைத்து ஓங்கிக் கூவினால், இரண்டாம் தலைமுறைக் கைபேசி அதன் பின்னால் போய்விடும். "மறையாக்கம் வேண்டாம்" என்று அது சொன்னால் அதற்கும் தலையாட்டும். மலை முகட்டில் எங்கள் ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்த அதே குணம்தான்.

இரண்டாவது, பூட்டின் பலம். ஏ5/1 என்ற பூட்டை ஐரோப்பாவுக்கும், அதைவிட வலுக்குறைந்த ஏ5/2 என்பதை வெளியேற்றுமதிக்கும் செய்தார்கள். இரண்டின் அமைப்பையும் இரகசியமாகவே வைத்தார்கள். 1990-களில் அது வெளியே கசிந்தது. 2000-இல் பிரியூகோவ், ஷமீர், வாக்னர் ஆகியோர் ஏ5/1-ஐச் சாதாரணக் கணினியாலேயே உடைக்கும் வழியை வெளியிட்டார்கள். 2009 டிசம்பரில் பெர்லினில் கார்ஸ்டன் நோல், உடைப்பதற்கு வேண்டிய அட்டவணைகளை உலகறிய வைத்தார்.

மூன்றாவது, பூட்டு இருந்தது கைபேசிக்கும் கோபுரத்துக்கும் நடுவில் மட்டும்தான். கோபுரத்தைத் தாண்டியதும் குறுஞ்செய்தி திறந்த அஞ்சலட்டை. சேவை நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்.எஸ்.7 என்ற பழைய முறை, நிறுவனங்கள் ஒன்றையொன்று நம்பிய காலத்தில் வகுக்கப்பட்டது. அதன் வழியாக ஒருவர் குறுஞ்செய்தியை வேறிடத்துக்குத் திருப்பலாம் என்று 2014-இல் ஜெர்மனியில் ஆய்வாளர்கள் காட்டினர். 2017-இல் அதே நாட்டில் வங்கியின் ஒருமுறைக் கடவு எண்களை அவ்வழியே திருடிப் பணம் எடுத்த நிகழ்ச்சியும் வெளிவந்தது.

மூன்றாம் தலைமுறையில் முதல் ஓட்டையை அடைத்தார்கள். கோபுரத்துப் பக்கமும் தன்னை நிரூபிக்க வேண்டும் என்று விதி வந்தது. நான்காம் தலைமுறையில் பூட்டுகள் இன்னும் வலுத்தன. ஆனால் சிக்னல் மங்கிய மலையிலே கைபேசி பழைய இரண்டாம் தலைமுறைக்கு இறங்கிவிடுவது உண்டு. இறங்கினால் பழைய ஓட்டையும் திரும்புகிறது. 2024-இல் இலண்டனில் கையால் செய்த போலிக் கோபுரத்திலிருந்து ஆயிரக்கணக்கானோருக்கு வங்கி பெயரில் பொய்க் குறுஞ்செய்தி அனுப்பிய வழக்கில் காவல்துறை கைது செய்தது. ஆகவே இது பழங்கதை அல்ல.

அம்பலப்புழை அரிசிக் கணக்கு

பிட் என்றால் என்ன, 40-க்கும் 128-க்கும் என்ன வேறுபாடு என்று பலர் கேட்பதுண்டு. அம்பலப்புழைப் பால்பாயசக் கதை நினைவிருக்கும். முனிவர் வேடத்தில் வந்த கண்ணன் அரசனைச் சதுரங்கத்தில் வென்று, முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு என்று 64 கட்டத்துக்கும் இரட்டித்துக் கேட்டாராம். நாட்டு அரிசியெல்லாம் போதவில்லை. சாவியின் நீளமும் அப்படித்தான். ஒவ்வொரு பிட் கூடும்போதும் திருடன் சோதித்துப் பார்க்க வேண்டிய சாவிகள் இரட்டிக்கின்றன.

40 பிட் என்றால் சுமார் 1.1 இலட்சம் கோடி சாவிகள். பெரிதாகத் தோன்றுகிறது, இல்லையா? 1997 ஜனவரியில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இயான் கோல்ட்பெர்க் சுமார் 250 கணினிகளைச் சேர்த்து, 40 பிட் பூட்டு ஒன்றை மூன்றரை மணி நேரத்தில் திறந்துவிட்டார். 128 பிட் என்றால் சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது. உலகக் கணினிகள் அனைத்தும் சேர்ந்தாலும் ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க இயலாது.

நம் நாட்டில் இதில் ஒரு முரண் இருந்தது. 1990-களின் இறுதியில் தனியாருக்கு இணையச் சேவை உரிமம் தந்தபோது, 40 பிட்டுக்கு மேற்பட்ட மறையாக்கத்துக்கு அரசு அனுமதி வேண்டும், சாவியையும் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தார்கள். 2001-இல் ரிசர்வ் வங்கியோ, இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் வேண்டும் என்றது. ஒரு கை பூட்டைச் சிறிதாக்கு என்கிறது, மறு கை பெரிதாக்கு என்கிறது!

திண்டுக்கல் பூட்டும் தேயிலைப் பெட்டியும்

பல நூற்றாண்டுகளாகத் தீராத சிக்கல் ஒன்று இருந்தது. பூட்டி அனுப்புகிறேன், சரி. ஆனால் சாவியை எப்படி அனுப்புவது? சாவியும் அதே வழியில்தானே போக வேண்டும்? மாக்டெபர்க் கப்பலின் புத்தகம் அப்படித்தானே பறிபோனது?

1976-இல் அமெரிக்காவில் டிபி, ஹெல்மன் இருவரும் இதற்கு வழி கண்டனர். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவர் ஆர்.எஸ்.ஏ. முறையைத் தந்தனர். பிரிட்டிஷ் அரசின் உளவுத்துறைக் கணிதர்கள் 1970-களின் தொடக்கத்திலேயே இதைக் கண்டிருந்தும் இரகசியமாக வைத்திருந்தது 1997-இல்தான் வெளிவந்தது.

அதை நம் ஊர்ப்படி சொல்கிறேன். திண்டுக்கல் பூட்டு ஒன்றை வாங்கித் திறந்த நிலையில், சாவியில்லாமல் உங்களுக்கு அனுப்புகிறேன். சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது. நீங்கள் செய்தியைப் பெட்டியில் வைத்து அந்தப் பூட்டை அழுத்திப் பூட்டி அனுப்புகிறீர்கள். பூட்டிய பின் நீங்களே திறக்க முடியாது, நான்தான் திறக்கலாம். சாவி வழியிலே போகவே இல்லை. கைபேசிக்குள் இந்தத் திறந்த பூட்டு ஒரு பெரிய எண், சாவி இன்னொரு எண். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கண்டுபிடிக்க ஆயுள் போதாது. அவ்வளவுதான் வித்தை.

2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் எல்லாப் பயனர்களுக்கும் இவ்வகைப் பூட்டைப் போட்டது. சிக்னல் என்ற செயலியை ஆக்கியோர் வகுத்த முறை அது. இதைப் பழைய முறையோடு ஒப்பிட எங்கள் மலையிலேயே உவமை உண்டு. டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடிக்கு ஒரு காலத்தில் கயிற்றுப்பாதை இருந்தது. மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் அதில் தொங்கிக்கொண்டு கீழே இறங்கிப் போடிநாயக்கனூருக்குப் போயின. மேலே ஆணியடித்து மூடிய பெட்டி, சேருமிடத்தில்தான் திறக்கும். நடுவில் எத்தனை கைமாறினாலும் பெட்டிக்குள் என்ன என்று பார்க்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப் பூட்டும் அப்படியே. கோபுரம், நிறுவனம், வாட்ஸ்அப்பின் கணினி எல்லாம் பெட்டியைச் சுமக்கும், திறக்க முடியாது.

ஆனால் இங்கும் ஒரு வினா: எனக்கு வந்த திறந்த பூட்டு உண்மையில் உங்களுடையதுதானா? நடுவில் ஒருவன் தன் பூட்டைக் கொடுத்திருந்தால்? பழைய முத்திரைப் பிரச்சினை மீண்டும் வந்து நிற்கிறது. அதற்காகவே வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு தொடர்புக்கும் 60 இலக்கப் பாதுகாப்பு எண் ஒன்று உண்டு. இருவர் நேரில் சந்திக்கும்போது அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அரசும் அந்தரங்கமும்

மறையாத செய்தியில் குடிமகனுக்கு ஆபத்து, முற்றும் மறைந்த செய்தியில் நாட்டுக்கு ஆபத்து என்ற வழக்கு நெடுநாளாக நடக்கிறது. 1885-இன் தந்திச் சட்டம் பொதுப் பாதுகாப்புக்காகச் செய்தியை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தொலைபேசி ஒட்டுக்கேட்புக்குக் கட்டுப்பாடுகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2015 செப்டம்பரில் வெளியான மறையாக்கக் கொள்கை வரைவு, மறைத்து அனுப்பிய செய்தியின் மூலத்தை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். 2023-இல் தந்திச் சட்டத்துக்கு மாற்றாகத் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. இடைமறிக்கும் அதிகாரம் அதிலும் தொடர்கிறது. குற்றவாளியைப் பிடிக்க வேண்டியவரின் வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் காவலருக்கென்று பூட்டில் வைக்கும் மாற்றுச் சாவி திருடன் கைக்கும் போகும் என்ற கணிதரின் வாதத்துக்கு இன்றுவரை தக்க மறுமொழி இல்லை என்பது என் கருத்து.

பூட்டு நம் கையில்

இந்த வரலாற்றை ஒரே கோட்டில் சொல்லிவிடலாம். காவல் முதலில் ஓலை சுமந்தவனிடம் இருந்தது. பிறகு அஞ்சலகத்திடம், பிறகு கோபுரத்திடம். இப்போது இரு முனையில் இருக்கும் நம்மிடம் வந்துவிட்டது. வழி பலமாகிவிட்டதால் திருடன் வழியை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறான். 2004-இல் புளூடூத் வழியே கைபேசிக்குக் கைபேசி பரவிய கபீர் என்ற கிருமி, உரிமையாளர் "சரி" என்று அழுத்திய பின்தான் உள்ளே புகுந்தது. 2019-இல் வாட்ஸ்அப் வெளிப்படுத்திய பெகாசஸ் ஒற்றுநிரல், பூட்டை உடைக்கவில்லை. பூட்டு திறந்தபின் கைபேசித் திரையிலேயே உட்கார்ந்து படித்தது. "டிஜிட்டல் கைது" என்று சொல்லி முதியவர்களை மிரட்டுகிறவன் எந்தக் கணிதத்தையும் உடைப்பதில்லை. நாமே சாவியைக் கொடுக்கும்படி பேசுகிறான்.

என் சித்தப்பாவின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். அவர் அனுப்பிய பட்டயத்தை வழியில் எவரும் படிக்கவில்லை. ஆனால் அந்தக் குழுவில் இருந்த அத்தனை பேர் கைபேசிக்கும் நகல் போய்விட்டது. ஒருவர் பழைய கைபேசியை விற்றாலும், இன்னொருவர் குழந்தை கையில் கொடுத்தாலும் பட்டயம் அதோடு போகிறது. பூட்டு ஒன்றுதான், கதவுகளோ எழுபது.

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது மற்றவரைவிட அதிகம் பொருந்தும். வங்கி வேலை, நிலவேலை, மருத்துவச் சீட்டு எல்லாம் ஊரிலிருக்கும் பெற்றோருக்காகக் கைபேசியில்தான் நடத்துகிறோம். ஆகவே சில நடைமுறைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

பட்டயம், ஆதார் போன்றவற்றைக் குழுவில் போடாமல் தேவைப்பட்ட ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள், வேலை முடிந்ததும் இரு பக்கமும் அழியுங்கள். ஆதாரில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த வடிவத்தை ஆதார் ஆணையமே தருகிறது, அது போதும் இடத்தில் அதையே கொடுங்கள். வாட்ஸ்அப்பின் காப்பு நகலுக்குத் தனிப் பூட்டு 2021 முதல் உண்டு, அதை நாமேதான் இயக்க வேண்டும். புதிய ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் 2ஜி-யை நிறுத்தும் வசதி இருக்கிறது. நல்ல சிக்னல் உள்ள நகரத்தில் நிறுத்தலாம், ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறைக் கடவு எண்ணைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் தொலைபேசியில் சொல்ல வேண்டாம் என்று பெரியவர்களுக்குப் பழக்குங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்பத்துக்குள் ஒரு கேள்வியும் விடையும் வைத்துக்கொள்ளுங்கள். குரலையே போலி செய்யும் காலம் இது. "ஆஸ்பத்திரியிலே இருக்கேன், உடனே பணம் அனுப்புங்க" என்று மகன் குரலில் அழைப்பு வந்தால், தாய் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அது காற்றில் போகாத, எழுதி வைக்காத, நேரில் உட்கார்ந்து பேசி முடிவு செய்த சொல்லாக இருக்கட்டும். சிம் அட்டைக்குள் இருக்கும் இரகசிய எண் செய்கிற வேலையைத்தான் அந்தச் சொல்லும் செய்கிறது. ஒரே வேறுபாடு, இங்கே இரு பக்கமும் தன்னை நிரூபிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்படியொரு சொல் இருக்கிறது. சித்தப்பாவே வைத்தது. அது என்னவென்று இம்மலரில் எழுத மாட்டேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாருங்கள்.